மறி பல் போடும் வரை

போர்ட் பிளேர்
4.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அமுதா எழுதுவது. நானும் இவரும் சுகம். திலகவதி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஏதாவது தேவை என்றால்தான் பெற்ற மகளிடமிருந்து போன் வருகிறது. வராததால் சுகமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே நீ, அத்தான், ஹரிணி, உன் ஆடுகள் எல்லாரும் சுகம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பாய். உன் வீட்டில் போன் அடித்தால் அத்தான் அதை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். போன வாரம் நான் இருமியதற்குப் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் கஷாயம் சொன்னாள். கடிதத்துக்கும் அதே கதிதான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்ட கையோடு, ரிட்டயர்டு கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். (இந்த இடத்தில் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள் அத்தான்.) ஆனாலும் ஒரு மாதம் கடிதம் வரவில்லையென்றால் அவருக்குத்தான் முதலில் கோபம் வருகிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இங்குள்ள தமிழ் அன்பர்கள் சேர்ந்து வருடக் கடைசியில் ஒரு இலக்கியக் கூட்டம் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் ஆயிற்றே என்று என்னையும் ஒரு கட்டுரை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு சொல்லை எடுத்திருக்கிறேன். மறி. ஆட்டுக்குட்டிக்குப் பழைய பெயர். மான்குட்டிக்கும் சொல்வார்கள். பழம்பாட்டுகளில் மறி பாறை மேல் துள்ளும், தாயின் மடியை முட்டும், பிள்ளைகளோடு ஓடும். இப்போது அந்தச் சொல் செம்மறி என்பதற்குள் மட்டும் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. உங்கள் பக்கம் யாராவது இன்னும் மறி என்று சொல்கிறார்களா? உன் குட்டிகளைப் பற்றி எதையும் விடாமல் எழுது. கட்டுரைக்கு உயிர் வேண்டும்.

உன் பெண் ஹரிணியின் குரல் போனில் சோர்ந்து கேட்டது. ஆபீஸ் வேலை அதிகமா?

இப்படிக்கு உன் தங்கை,
அமுதவல்லி


வல்லத்திராக்கோட்டை
22.2.2024

பாசமுள்ள தங்கச்சி அமுதாவுக்கு,

பொற்கொடி எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் இருக்கிறோம். மாப்பிள்ளை குணசேகரனுக்கு சுகர் இறங்கியிருக்கிறதா? உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை அரங்கேறியது. கண்ணாத்தாள் பாதியில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தையும் அவர்தான் வாசித்துப் பார்த்து, ஸ்டாம்ப் ஒட்டி, தபால்பெட்டியில் போடுவார். அது அவர் டிபார்ட்மெண்ட்.

மறி என்று இங்கே யாரும் சொல்வதில்லை. குட்டிதான். கிடாக்குட்டி, பொட்டைக்குட்டி. உன் ராசி, நீ கேட்ட வாரமே நம் கருப்பி ஈன்றது. ஒரு கிடா, ஒரு பொட்டை. கிடா முழுக் கறுப்பு. காது மட்டும் யாரோ சுண்ணாம்பைத் தடவியது மாதிரி வெள்ளை. பிறந்த அன்றே எழுந்து நின்று என் சேலைத் தலைப்பைச் சப்பியது.

ஹரிணி விஷயம். ஆபீஸ் வேலை ஒன்றும் அதிகமில்லை. கண் ஆஸ்பத்திரி கவுண்டரில் டோக்கன் கொடுக்கிற வேலைதானே. பொங்கலுக்குப் பிறகு சாப்பாடே இறங்கவில்லை அவளுக்கு. வளையல் முழங்கை வரை ஓடுகிறது. டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். இந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் குவைத்தில் இருக்கிறான், ஏப்ரலில் லீவில் வருகிறான், அந்த லீவிலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. உன் அத்தானுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

நான் பிள்ளை உடம்பைத்தான் பார்த்தேன். ஐயனார் கோயில் கருப்பரிடம் நின்று, ஹரிணி உடம்பு தேறினால் இந்தக் குட்டியை உனக்குத் தருகிறேன் என்று சொல்லி, அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கருப்பருக்குக் கொடுக்கிற கிடா பல் போட்டிருக்க வேண்டும், பால்பல்லோடு கொடுக்கக் கூடாது. நேர்த்தி தீரும்வரை வீட்டில் தட்டு மாற்றக் கூடாது. இந்தக் குட்டி பல் போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

உன் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டி, சந்தையில பல்லு போட்ட கெடா ஒண்ணை வாங்கி வர்ற செவ்வாய்க்கெழமையே முடிச்சிருவோமே" என்றார். "இந்தக் குட்டின்னு சொல்லிட்டேங்க. சொன்ன வாயை மாத்துனா கருப்பர் சும்மா விடுவாரா?" என்றேன். சாமியோடு அவர் டிக்கெட் சண்டை போட மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடல் தண்ணீரில் காலை வைக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

உன் அக்கா,
பொற்கொடி


போர்ட் பிளேர்
10.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். இவருக்கு சுகர் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. ஹரிணி தேறினாளா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கட்டுரைக்காக எந்தப் பாட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேனோ, அது உன் வீட்டில் நடக்கிறது. சொல்கிறேன் கேள்.

அந்தப் பாட்டுகளில் மறி துள்ளி விளையாடுவது கொஞ்சம்தான். பல இடங்களில் அது சாவதற்காகவே வருகிறது. மலைநாட்டில் ஒரு பெண் இளைத்துப் போகிறாள். வளை கழன்று விழுகிறது. சோறு இறங்கவில்லை. தாய் பயந்து போய், இது சாமி குற்றம் என்று வேலன் என்கிற சாமியாடியைக் கூப்பிடுகிறாள். முற்றத்தில் மணல் பரப்பி, பூ வைத்து, ஆட்டம் ஆடி, ஒரு மறியை அறுக்கிறார்கள். பெண் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தோழிக்கு மட்டும் விஷயம் தெரியும். மலையில் ஒருவன் இருக்கிறான், அவனை நினைத்துத்தான் இவள் இளைக்கிறாள். மறியின் ரத்தத்துக்கும் அவள் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு வார்த்தை கேட்காத தாயால் ஒரு பாவப்பட்ட குட்டி சாகிறது. புலவர்கள் அந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இது இலக்கியம், அத்தான். நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள்.

அக்கா, நீ அந்தக் காலத்துத் தாய் இல்லை. அங்கன்வாடி டீச்சர். பக்கத்தில் உட்கார வைத்து "என்னடா" என்று கேட்பதை விட்டுவிட்டு ஏழு நாள் குட்டியின் கழுத்தில் துணி கட்டுவாயா? கருப்பர் உன்னை விடப் பெரிய மனசுக்காரர், மாற்றிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஹரிணியிடம் பேசு.

பிரியமுடன்,
அமுதா


வல்லத்திராக்கோட்டை
3.4.2024

தங்கச்சி அமுதாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நீ படித்தவள், எழுதுவாய். நான் நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ஒரு பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

உன் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். தோழி என்றால் கூட வேலை பார்க்கிற பெண்ணா என்று கேட்டார். ஹரிணி தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் வெகு நேரம் குடித்தாள்.

திருச்சிக்காரர்கள் வந்தார்கள். குட்டி பல் போடும்வரை பொறுக்க வேண்டும் என்றேன். பையனின் அம்மா குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காபியைக் குடித்தாள். போன வாரம் அவர்களுக்குக் காரைக்குடியில் பெண் அமைந்துவிட்டது என்று தகவல் வந்தது. நல்ல குடும்பம், நன்றாக இருக்கட்டும். உன் அத்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ரசத்தில் உப்பு இல்லை என்று பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிணி ஆபீஸ் பெண்களோடு சித்தன்னவாசல் போய்விட்டு வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஆனால் வந்ததும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

குட்டி இப்போது மதில் மேல் ஏறக் கற்றுக்கொண்டது. கட்டுரையில் சேர்த்துக்கொள்.

பொற்கொடி


போர்ட் பிளேர்
28.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்குப் பதிலாக உன் கோபம்தான் உறையில் வந்து சேர்ந்தது.

போனில் உன்னிடம் கேட்டேன். முருங்கைக்காய் விலையைச் சொன்னாய். ஹரிணியிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல சித்தி, சும்மாதான்" என்றாள். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அந்தச் சும்மாவின் எடை எனக்குத் தெரியும்.

அக்கா, சிறுசு பெரிசு பார்க்காமல் எழுதுகிறேன். ஒரு நல்ல இடம் ஆட்டுக்குட்டியால் போயிற்று என்று நாலு பேர் பேச மாட்டார்களா? கட்டுரையில் அந்தத் தாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். அறியாமையால் ஒரு குட்டியைப் பலி கொடுக்கிறவள் என்று. எழுதும்போது உன் முகம்தான் வந்தது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை.

பதில் போடு. முருங்கைக்காய் வேண்டாம்.

அமுதா


வல்லத்திராக்கோட்டை
19.6.2024

பாசமுள்ள அமுதாவுக்கு,

எல்லாரும் சுகம். மே மாதம் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. வெயிலும், மாம்பழத்துக்கு வந்த விருந்தாளிகளும். நீயும் மாப்பிள்ளையும் திலகாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குட்டிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. கண்ணாத்தாள் வீட்டு அரிசியை மூட்டையோடு தின்றுவிட்டு வயிறு மத்தளம் மாதிரி உப்பிக் கிடந்தது. நேர்ந்துவிட்ட குட்டி ஆயிற்றே, ஏதாவது ஆனால் தெய்வக் குற்றம் என்று உன் அத்தான் பதறிவிட்டார். கால்நடை மருந்தகத்துக்கு ஹரிணியே போன் போட்டாள். கால் மணி நேரத்தில் டாக்டர் பைக்கில் வந்து இறங்கினான். புதுசாக வந்திருக்கிற சின்னப் பையன். குட்டியை மடியில் தூக்கி வைத்து, மருந்து புகட்டி, வயிற்றை நீவி, அது ஏப்பம் விடும்வரை இடத்தை விட்டு அசையவில்லை. சட்டையெல்லாம் நாசம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது விசாரித்தேன். பெயர் சார்லஸ். சொந்த ஊர் ஆவூர். அப்பா இல்லை. அம்மா இன்னாசியம்மாள், டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு தங்கை, பிளெஸ்ஸி, நர்சிங் படிக்கிறாள். காபிக்குச் சர்க்கரை கம்மி. பெரியவர்கள் நிற்கும்போது உட்கார மாட்டேன் என்கிறான். இதெல்லாம் உன் கட்டுரைக்குத் தேவைப்படாது, சும்மா எழுதினேன்.

அன்று ராத்திரி ஹரிணி நாலு தோசை சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு குட்டிக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போகிறது. பார்த்தால் துள்ளிக்கொண்டுதான் திரிகிறது. ஆனாலும் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது என்று நான்தான் கூப்பிடச் சொல்கிறேன்.

உன் அக்கா,
பொற்கொடி


போர்ட் பிளேர்
14.7.2024

என் அக்காவுக்கு,

இங்கே விடாத மழை. துணி காயவில்லை, மற்றபடி குறைவில்லை. அங்கே எல்லாரும் நலமாக இருப்பீர்கள். தோசை எண்ணிக்கையிலிருந்தே தெரிகிறது.

கட்டுரையில் அந்தத் தாயைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவளை முட்டாள் என்று நான்தான் அவசரப்பட்டு முடிவுகட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். தெரியும் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அன்றைக்கே சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கிறவரைக்கும் நாள் கிடைக்கும். ஊரைக் கூட்டி மணல் பரப்பி ஆட்டம் வைத்தால் அதற்குள் பெண் கேட்டு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இப்படி எந்த உரையாசிரியரும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்லப் போகிறேன்.

அத்தான், இலக்கியம்தான். தொண்டை வறண்டால் மோர் குடித்துவிட்டு வாசியுங்கள்.

உன்னைத் திட்டி எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. ஒன்று மட்டும் கேட்கிறேன். மறி என்றைக்கும் மறியாகவே இருக்காதே. வளர்ந்துகொண்டே போகுமே. பல் போட்ட பிறகு என்ன செய்வாய்?

அமுதா


வல்லத்திராக்கோட்டை
25.9.2024

அமுதா,

இந்தக் கடிதத்தை அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதி, புதுக்கோட்டைக்குப் போகும்போது நானே பெட்டியில் போடுகிறேன். இதற்குப் பதில் போடாதே. வீட்டுக்கு வந்தால் அவர் சத்தமாக வாசிப்பார்.

நீ கேட்டதுதான் எனக்கும் பயம். பிள்ளை அந்த டாக்டர் பையனை விரும்புகிறாள். என்னிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலன்று அவள் போனில் அவன் படம் பார்த்தேன், அவ்வளவுதான். குவைத் மாப்பிள்ளையை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. குட்டியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவருக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போகாதா என்று ஒரு நப்பாசை. பிடிக்கவும் செய்கிறது. "தங்கமான பையன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் டாக்டர் என்று பிடிப்பது வேறு, மருமகன் என்று பிடிப்பது வேறு.

அவர் அண்ணன் மகன் அருள்மணி வேற்று மதத்தில் கட்டிக்கொண்டபோது இவர் கல்யாணத்துக்கே போகவில்லை. உனக்குத் தெரியும். இன்றுவரை அவனோடு பேச்சு இல்லை.

இப்போது அறந்தாங்கியில் ஒரு வரன், நேர்த்தி முடிந்ததும் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். இவர் தினம் காலையில் எழுந்ததும் கிடாவின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறார். முன்னெல்லாம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எதற்கு இந்த அவசரம் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பேச்சும் குறைந்துவிட்டது. உன் கடிதம் வாசிக்கும்போது மட்டும்தான் பழைய குரல் வருகிறது.

ஆடு மேலே மேலே வளர்கிறது அமுதா. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தால் என்ன என்று தோன்றுகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காகக் கும்பிட்டுக்கொள்.

அக்கா


வல்லத்திராக்கோட்டை
17.11.2024

அன்பு கொழுந்தியா அமுதவல்லிக்கு,

உன் அத்தான் ரெங்கசாமி எழுதும் கடிதம். நலம், நலமறிய ஆவல். சகலை குணசேகரனுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை வாசிப்பது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தாதே.

அமுதா, எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்றைக்கே தெரியும். ஹரிணி சித்தன்னவாசல் போகவில்லை. ஆவூர் திருவிழாவுக்குப் போனாள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் ஆண்டியப்பன், என்னோடு ஒரே டெப்போவில் வேலை பார்த்தவன். "அண்ணே, நம்ம பொண்ணு நம்ம வண்டியிலதான் வந்துச்சு. ஆவூர்ல எறங்குச்சு. டிக்கெட் நான் போட்டுட்டேன், பிள்ளைகிட்ட காசு வாங்கல" என்று பெருமையாகப் போன் போட்டான். பொதுஜனம் யாரிடமும் பஸ்ஸில் போனதை மறைக்கலாம். ஒரு கண்டக்டர் மகள் எந்த பஸ்ஸில் ஏறி மறைப்பாள்? சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "ஓவியமெல்லாம் ரொம்ப அழகுப்பா" என்றாள். நானும் "ஆமாம்மா, தாமரைக்குளம் நல்லா இருக்கும்" என்றேன்.

முதலில் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் ரசத்தைக் குறை சொன்னேன். பிறகு உன் பழைய கடிதங்கள் புரிந்தன, புதியவையும் ஒவ்வொன்றாக வந்தன. மறி, வேலன், தோழி. எல்லாம் இலக்கியம், நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள் அத்தான் என்று எழுதியிருந்தாய். நானும் வாசித்தேன். என் வீட்டுக் கதையை என் வாயாலேயே, கண்ணாத்தாளுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

அப்போது கோபம் போய் வேறொன்று வந்தது. நான் என்ன வெட்டிவிடுவேனா? என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? அருள்மணி கல்யாணத்துக்கு நான் போகாததற்குக் காரணம் மதம் என்று பொற்கொடி நினைக்கிறாள். அவன் என் தோளில் வளர்ந்த பிள்ளை. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் கல்யாணப் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றான். அதுதான் எனக்கு வலித்தது. இவர்களாவது சொல்வார்கள், இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று ஏழெட்டு மாதம் இருந்தேன். எல்லாரும் அந்தக் குட்டியிடம்தான் சொன்னார்கள்.

போன மாதம் நான் கிடாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொற்கொடி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எதுக்குங்க தெனமும் பல்லைப் பாக்குறீக?"

"ஆவூருக்கு எப்பப் போயிப் பேசறதுன்னு பாக்குறேன். நேர்த்தி முடியாம தட்டு மாத்த முடியாதுன்னு நீதான சொன்ன?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். "யாரு சொன்னா?" என்று கேட்டாள். "யாருமே சொல்லலையே" என்றேன். ஹரிணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இங்கிட்டு வாம்மா" என்றேன். வந்தாள். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு பிள்ளை, "அப்பா, அந்த ஓவியம் நான் பாக்கவே இல்லப்பா" என்றாள். "தெரியும், ஒரு நாளு கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

போன ஞாயிறு நானும் பொற்கொடியும் ஆவூர் போனோம். இன்னாசியம்மாள் டீச்சர் கறாரான மனுஷி. உட்காரச் சொல்லிவிட்டு, பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார். "என் பையன் என்னிடமும் போன வாரம்தான் சொன்னான்" என்றார். நான், "நீங்க அதிர்ஷ்டசாலிங்கம்மா" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. யாரும் யார் சாமியையும் மாற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. ரிஜிஸ்டர் கல்யாணம், பிறகு நம் வீட்டில் தாலி. மாதா கோயிலில் ஆசீர்வாதம் வாங்குவதைப் பற்றிப் பங்குச் சாமியாரிடம் அவர் பேசுகிறார். ஒரே ஒரு விவகாரம், கிடா வெட்டு எந்தக் கிழமை என்பது. வெள்ளி என்றேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் கறி தொட மாட்டார்கள், செவ்வாய் வையுங்கள், எல்லாரும் வருகிறோம் என்றார். அப்படியே ஆகட்டும் என்றோம்.

இப்போது பொற்கொடி போட்ட முடிச்சு அவள் காலையே கட்டிவிட்டது. குட்டி பல் போட இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. அதுவரை பிள்ளைக்குக் கல்யாணம் இல்லை. சந்தையில் ஒன்று வாங்குவோமா என்று இப்போது அவளே கேட்கிறாள். சொன்ன வாயை மாற்றினால் கருப்பர் சும்மா விடுவாரா என்று நான் கேட்கிறேன். வைகாசிக்குள் பல் போட்டுவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அவர் தினமும் வந்து உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார், என்னை விட அவருக்குத்தான் அவசரம்.

கடைசியாக ஒன்று. நான் எட்டாவது வரை படித்தவன், தப்பாக இருந்தால் சொல். அந்தப் பாட்டுகளில் பெண் இருக்கிறாள். அம்மா இருக்கிறாள். தோழி இருக்கிறாள், சாமியாடி இருக்கிறான். மறி கூட இருக்கிறது. அப்பன் எங்கே போனான், அமுதா?

இப்படிக்கு,
ரெங்கசாமி


போர்ட் பிளேர்
22.12.2024

வணக்கத்துக்குரிய அத்தானுக்கு,

அமுதா எழுதுகிறேன். உங்கள் எல்லாருடைய நலமும் உங்கள் கடிதத்தில் நிறைந்திருந்தது. நாங்களும் நலம். சிவப்பு மை என் கையில் இல்லை. கண்ணில்தான் கொஞ்சம் இருந்தது.

முதலில் என்னை மன்னியுங்கள். ஒரு வருஷமாக உங்கள் வாயில் என் புத்திசாலித்தனத்தைத் திணித்து வாசிக்க வைத்தேன். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. அக்காவும் நானும் ஹரிணியும் உங்களைச் சுற்றி நின்று உங்களுக்குக் கேட்காமல் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் கேள்விக்கு விடை தேடினேன். அந்தப் பாட்டுகளில் தகப்பன் இல்லாமல் இல்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவர் கோபம் வரும், அவர் வீட்டின் காவல் வரும், மற்றவர்கள் அவருக்குப் பயப்படுவது வரும். அவர் வாய் திறந்து பேசி நான் படித்ததில்லை. பழைய இலக்கணம் அவருக்கென்று ஒரு விதியே வைத்திருக்கிறது. மகளின் காதலைத் தகப்பனிடம் யாரும் நேரே சொல்வதில்லை, குறிப்பைக் கொண்டு அவராகவே உணர்ந்துகொள்வார் என்று. எத்தனையோ தடவை அந்த வரியை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். உணர்ந்த பிறகு அந்த மனுஷனுக்கு எப்படி இருந்தது, யாராவது வந்து சொல்வார்கள் என்று எத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தார், அதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

போன ஞாயிறு கூட்டத்தில் கட்டுரை வாசித்தேன். மறி என்கிற சொல்லில் ஆரம்பித்து, ஊர் பேர் சொல்லாமல் உங்கள் கேள்வியில் முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

மே மாதம் லீவு போட்டுவிட்டு நாங்கள் மூவரும் வந்துவிடுகிறோம். கிடா பல் போட்டால் விருந்துக்கு வருகிறோம், போடாவிட்டால் உங்களோடு உட்கார்ந்து பல் பார்க்கிறோம். ஹரிணிக்கும் சார்லஸுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். அக்காவிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. உங்கள் கடிதத்தை இவர் எடுத்துப் படித்தார். இலக்கியம் என்றால் எழுந்து போகிற மனுஷர், இதை மட்டும் கடைசி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நம்ம திலகா எங்கிட்ட எதையாவது மறைக்கிறாளா?" என்று கேட்டார்.

"நீங்களே கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தென்னை மரத்தடியில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துகொண்டே பேசினார். இடையில் ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றார். மறுநாள் திலகாவுக்கு நானே போன் போட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் இப்போது எனக்குத்தான் ஒன்றும் தெரியாது, அத்தான்.

உங்கள் அன்புக் கொழுந்தியா,
அமுதவல்லி